காய்ச்சலுக்கு இது எத்தனையாவது நாள்? டிங்கி பரிசோதனையும் கொசு நோய்க் கண்காணிப்பும்

காய்ச்சலோடு கிளினிக்குக்குப் போகிறோம். இரத்தம் எடுக்கிறார்கள். கால் மணி நேரத்தில் "டிங்கி இல்லை" என்று சொல்லி, பெனடோலும் இரண்டு நாள் எம்.சி.யும் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. இரண்டொரு நாளில் காய்ச்சலும் இறங்குகிறது. சம்பளம் போகுமே என்று வேலைக்குக் கிளம்பிவிடுகிறோம். அன்று மாலையோ மறுநாளோ வயிற்று வலி, வாந்தி, மயக்கம். மருத்துவமனைக்கு ஓடும்போது உறவினர்கள் சொல்வது ஒன்றுதான்: "டெஸ்ட் எடுத்தோமே, இல்லைன்னுதானே சொன்னாங்க!"

அந்தப் பரிசோதனை தவறு என்று சொல்லிவிட முடியாது. கொசு பரப்பும் வைரஸ் நோய்களில் ஒவ்வொரு பரிசோதனைக்கும் அதற்கென்று நாள் உண்டு. இரண்டாம் நாளில் தெரிவது ஆறாம் நாளில் மறைந்திருக்கலாம். ஆறாம் நாளில் தெரிவது இரண்டாம் நாளில் இரத்தத்தில் பிறந்தே இருக்காது. அதனால்தான் மருத்துவர் முதலில் "எத்தனை நாளாகக் காய்ச்சல்?" என்று கேட்கிறார். நாமோ "ஒரு நாலஞ்சு நாளா இருக்கும் டாக்டர்" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். உடம்பு சுடத் தொடங்கிய நாள்தான் முதல் நாள். அந்தத் தேதியைச் சமையலறைக் காலண்டரில் வட்டமிட்டு வையுங்கள். காலையா இரவா என்றும் பக்கத்தில் எழுதுங்கள். இந்தக் கட்டுரையில் வரும் மற்றவை எல்லாம் அந்த வட்டத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

டிங்கி நமக்குப் புதிய நோயல்ல. பினாங்கில் அது இருந்ததாக 1902லேயே மருத்துவப் பதிவு உண்டு. 2019இல் மலேசியாவில் 130,101 பேருக்கு டிங்கி கண்டது. 182 பேர் இறந்தனர். 2023இல் 123,133 பேர். 100 பேர் இறந்தனர். சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 35,000க்கும் அதிகமானோர். ஒரு லட்சத்துக்கு மேல் நோயாளிகள் இருந்தும் இறப்பு நூற்றுக்கணக்கில் நிற்கிறது என்றால், நேரத்தோடு கண்டுபிடித்தால் பெரும்பாலும் பிழைக்க வைக்கக்கூடிய நோய் இது என்றே பொருள்.

சிறு பட்டையில் தெரியும் கோடுகள்

கோவிட் காலத்தில் எல்லாருக்கும் பழகிப்போன பிளாஸ்டிக் பட்டை போன்றதுதான் டிங்கி விரைவுப் பரிசோதனைக் கருவியும். அதில் மூன்று விஷயங்களைத் தேடுகிறார்கள்.

முதலாவது என்எஸ்1. இது வைரஸ் நம் உடலில் பெருகும்போது வெளியே விடும் ஒரு புரதம். காய்ச்சலின் முதல் நாளிலிருந்தே இரத்தத்தில் தெரியும்; நான்கைந்து நாள் வரை நன்றாகப் பிடிபடும். பிறகு குறைந்துகொண்டே போகும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு என்எஸ்1 மட்டும் எடுத்து "இல்லை" என்றால் அதை நம்பி உட்கார முடியாது.

இரண்டாவது ஐஜிஎம். இது வைரஸை எதிர்த்து நம் உடல் தயாரிக்கும் எதிர்ப்பொருள். தயாராக நாள் பிடிக்கும். நான்காம் ஐந்தாம் நாளிலிருந்துதான் தலைகாட்டும். வந்துவிட்டால் இரண்டு மூன்று மாதம் இரத்தத்தில் இருக்கும். ஆக, இன்று ஐஜிஎம் இருப்பதால் இன்றைய காய்ச்சல் டிங்கிதான் என்று சொல்லிவிட முடியாது. போன மாதம் வந்துபோன டிங்கியின் அடையாளமாகவும் இருக்கலாம். மூன்றாவது ஐஜிஜி. முதல்முறை டிங்கி வருபவருக்கு இது ஒரு வாரம் கழித்தே வரும், பிறகு ஆயுள் முழுவதும் தங்கிவிடும். இரண்டாம் முறை வருபவருக்கு மட்டும் தொடக்கத்திலேயே வேகமாக ஏறும்.

இங்கேதான் நம் நாட்டுக்கே உரிய சிக்கல். டிங்கி வைரஸில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை வந்துபோனால் அந்த வகை திரும்ப வராது. மற்ற மூன்றும் வரலாம். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் நான்குமே சுற்றிக்கொண்டிருக்கின்றன. வேறொரு வகை இரண்டாம் முறை வரும்போது நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம். பழைய தொற்றின் எதிர்ப்பொருள், புதிய வகை வைரஸ் நம் செல்களுக்குள் நுழையக் கதவு திறந்துவிடுவது இதற்குக் காரணங்களில் ஒன்று. அதே இரண்டாம் தொற்றில்தான் என்எஸ்1 பரிசோதனையும் அதிகம் தவறவிடுகிறது. மலேசிய மருத்துவ வழிகாட்டி முதல் தொற்றில் அதன் பிடிபடும் திறனை 75 விழுக்காட்டுக்கு மேல் என்று சொல்கிறது. இரண்டாம் தொற்றில் 60 முதல் 70 விழுக்காடுதான். பத்துப் பேரில் மூன்று நான்கு பேருக்கு நோய் இருந்தும் "இல்லை" என்று வரும். அதுவும் ஆபத்து கூடுதலான அந்தப் பத்துப் பேரில்! "எனக்கு முன்பு டிங்கி வந்திருக்கிறது" என்று மருத்துவரிடம் மறக்காமல் சொல்ல வேண்டும் என்பது இதனால்தான். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

வைரஸின் மரபணுவையே கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனையும் உண்டு. முதல் ஐந்து நாளுக்குள் எடுத்தால் எந்த வகை டிங்கி என்பதையும் அது சொல்லிவிடும். எல்லா கிளினிக்குகளிலும் கிடைக்காது. எல்லா நோயாளிக்கும் தேவையும் இல்லை. வட்டாரத்தில் எந்த வகை பரவுகிறது என்று சுகாதார அமைச்சு அறிந்துகொள்ள அது மிகவும் பயன்படுகிறது. பல ஆண்டுகளாக ஒரு வகை சுற்றிக்கொண்டிருந்த இடத்தில் வேறொன்று தலையெடுத்தால், அதற்கு எதிர்ப்பு இல்லாதவர்கள் நிறைய இருப்பார்கள். பெரிய அலை வரப்போகிறது என்பதற்கு அது முன்னெச்சரிக்கை.

தட்டணு எண்ணிக்கை மட்டும் போதாது

"பிளேட்லெட் எவ்வளவு?" டிங்கி நோயாளியைப் பார்க்க வருபவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்வி இது. சாதாரணமாக ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்கும் தட்டணுக்கள் டிங்கியில் ஒரு லட்சத்துக்குக் கீழே, சிலருக்கு இருபதாயிரத்துக்கும் கீழே போகும். பயப்பட வேண்டிய எண்தான். ஆனால் டிங்கி உயிரைக் குடிப்பது பெரும்பாலும் தட்டணு குறைவதால் அல்ல. நுண்ணிய இரத்தக் குழாய்கள் கசிந்து, இரத்தத்தின் நீர்ப்பகுதி நெஞ்சிலும் வயிற்றிலும் போய்த் தேங்குவதால். குழாய்க்குள் இரத்தம் குறைந்து, நாடி தளர்ந்து, அதிர்ச்சி நிலைக்குப் போகிறார் நோயாளி.

இந்தக் கசிவைக் காட்டும் எண் அதே இரத்தச் சீட்டில்தான் இருக்கிறது. ஹீமடோகிரிட் என்பார்கள், சீட்டில் எச்.சி.டி. என்று சுருக்கமாக இருக்கும். இரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு எவ்வளவு என்று அது சொல்கிறது. அடுப்பில் குழம்பு வற்றினால் கெட்டியாவது போல, நீர் கசியக் கசிய இந்த எண் ஏறும். தட்டணு இறங்க இறங்க எச்.சி.டி. ஏறுகிறது என்றால் கசிவு தொடங்கிவிட்டது என்று அர்த்தம்.

எவ்வளவு ஏறினால் ஆபத்து? அவரவருடைய பழைய எண்ணோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். பழைய எண் தெரியாதபோது ஆண்களுக்கு 46, பெண்களுக்கு 40 என்பதை மருத்துவர்கள் ஓர் அளவாக வைத்துக்கொள்கிறார்கள். இரத்தசோகை உள்ள ஒரு பெண்ணை எண்ணிப் பாருங்கள். அவருடைய வழக்கமான எண் 30. டிங்கியில் அது 37க்கு ஏறிவிட்டது. சீட்டைப் பார்ப்பவருக்கு 37 சாதாரணமாகத் தெரியும். அந்த அம்மாவுக்கோ அது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேலான ஏற்றம். முதல் நாளில் எடுத்த சீட்டு, அதற்கும் முன்பு பிரசவத்துக்கோ சர்க்கரை நோய்க்கோ எடுத்த சீட்டு என்று எது கையில் இருந்தாலும் கொண்டுபோய்க் காட்டுங்கள். தனியார் கிளினிக்கில் எடுத்ததை அரசாங்க மருத்துவமனையில் காட்டக் கூச்சப்பட வேண்டாம்.

பப்பாளி இலைச்சாறு பற்றிக் கேட்காமல் யாரும் விடமாட்டார்கள். அது தட்டணுவைச் சற்று வேகமாக ஏற்றுகிறது என்று மலேசிய ஆய்வாளர்களே 2013இல் ஓர் ஆய்வில் எழுதியிருக்கிறார்கள். கசிவை அது நிறுத்தும் என்பதற்கு அத்தகைய சான்று இல்லை. சாறு குடித்துத் தட்டணு ஏறியதைப் பார்த்துவிட்டு மருத்துவமனைக்குப் போகாமல் இருந்துவிடுவதுதான் என் கவலை. வலி தாங்காமல் ஊசி போட்டுக்கொள்வதும், ஆஸ்பிரின், ஐபுபுரோபன், டிக்ளோபெனாக் வகை மாத்திரைகளைக் கடையில் வாங்கி விழுங்குவதும் இரத்தக்கசிவைக் கூட்டும். பெனடோல் மட்டும், சொன்ன அளவில்.

காய்ச்சல் விட்டபின்தான் கவனம்

டிங்கிக் காய்ச்சல் பெரும்பாலும் இரண்டு முதல் ஏழு நாள் வரை இருக்கும். அது இறங்கும் கட்டத்தில்தான், மூன்றாம் நாளுக்குப் பிறகு, கசிவு தொடங்கும். அடுத்த 24 முதல் 48 மணி நேரம் ஆபத்தான நேரம். உடம்பு குளிர்ந்துவிட்டதே, குணமாகிவிட்டது என்று நாம் நினைக்கும் அதே நேரம். காய்ச்சல் விட்டு நோயாளி பசியோடு எழுந்து உட்கார்ந்தால் நல்லது. காய்ச்சல் விட்டும் சோர்ந்து சுருண்டு படுத்திருந்தால் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போங்கள்.

விடாத வயிற்று வலி, ஒரு நாளில் மூன்று முறைக்கு மேல் வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், மலம் கருப்பாகப் போவது, மாதவிலக்கு வழக்கத்துக்கு மாறாக அதிகமாவது, கைகால் ஜில்லிடுவது, நான்கு முதல் ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மயக்கம், காரணமில்லாத எரிச்சல், பேச்சுக் குழப்பம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அடுத்த நாள் சந்திப்புக்குக் காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் அவசரப் பிரிவுக்குத்தான். தோட்டத்தில் இருப்பவர்கள் இரவில் வண்டிக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை மூன்றாம் நாளே பேசி வைத்துக்கொள்வது நல்லது.

வீட்டில் வைத்துப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் தினமும் இரத்தம் எடுக்க வரச் சொல்வார். ஓர் அட்டையும் கொடுப்பார். ஒவ்வொரு நாளின் வெப்பம், எச்.சி.டி., தட்டணு அதில் எழுதப்படும். வேறு மருத்துவமனைக்குப் போக நேர்ந்தால் முதலில் நீட்ட வேண்டியது அந்த அட்டைதான். வெறும் தண்ணீரை மட்டும் குடிக்காமல் பால், பழச்சாறு, கஞ்சி, பார்லித் தண்ணீர், உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள்.

டிங்கி இல்லையென்றால் வேறு என்ன?

மூட்டெல்லாம் பிடித்துக்கொண்டு, காலை ஊன்ற முடியாமல், அந்த வலி வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீடித்தால் சிக்குன்குன்யாவாக இருக்கலாம். 1998இல் கிள்ளானில் தலைகாட்டியது. 2008இல் ஜொகூரில் தொடங்கி நாடெங்கும் பரவியது. அதை அதிகம் பரப்பியது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற, வீட்டுக்கு வெளியே வாழும் கொசு. பால் மங்கு, மட்டை இடுக்கு, வெட்டிய மூங்கில், தூக்கிப்போட்ட டயர் என்று எதில் மழைநீர் நின்றாலும் அதற்குப் போதும். முதல் வாரத்தில் பிசிஆர், அதன் பிறகு ஐஜிஎம் எடுத்து உறுதி செய்வார்கள்.

ஸிக்கா பலருக்கு லேசான காய்ச்சலும் தடிப்புமாகப் போய்விடும். கர்ப்பிணிக்கு வந்தால் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். 2016இல் சிங்கப்பூரில் பரவியபோது நாம் அதைப் புதிய பெயராகக் கேட்டோம். உண்மையில் 1966இல் பகாங், பெந்தோங்கில் பிடித்த கொசுக்களிலேயே இந்த வைரஸ் கிடைத்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலாகக் கிடைத்த இடம் அது. இரத்தத்தைவிடச் சிறுநீரில் இந்த வைரஸ் அதிக நாள் இருக்கும் என்பதால் இரண்டையும் கேட்பார்கள். டிங்கி, ஸிக்கா, ஜப்பானிய மூளைக்காய்ச்சல் மூன்றும் ஒரே குடும்பம் என்பதால் எதிர்ப்பொருள் பரிசோதனை ஒன்றை மற்றொன்றாகக் காட்டிவிடவும் கூடும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலை நோயாளியின் முதுகுத்தண்டு நீரில் ஐஜிஎம் தேடி உறுதி செய்கிறார்கள்.

தோட்டத்தில் வேலை செய்பவர்கள் இன்னொன்றும் சொல்ல வேண்டும்: என்ன வேலை, எந்த இடத்தில் என்று. எலி சிறுநீரால் வரும் காய்ச்சல், காட்டோரத்தில் வரும் குரங்கு மலேரியா ஆகியவையும் முதலில் டிங்கி போலவே இருக்கும். இவை வைரஸ் அல்ல; மருந்து கொடுத்தால் குணமாகும். உண்ணிக் காய்ச்சல் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படும் ஸ்கரப் டைபஸும் அப்படியே. அதைக் கொண்டுவருவது புல்புதரில் இருக்கும், கண்ணுக்கு எளிதில் தெரியாத உண்ணிக்குஞ்சு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு ஆகிய இடங்களில் சிகரெட் சுட்டது போலக் கருத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வலிக்காது, அரிக்காது, நோயாளிக்கே தெரியாமல் இருக்கும். டாக்சிசைக்ளின் மாத்திரைக்கு அடங்கிவிடும் நோயை டிங்கி என்று நினைத்துக் காத்திருந்து முற்றவிடுவது வீண் துயரம்.

உண்மையான உண்ணி பரப்பும் வைரஸ் நம் காட்டிலும் இருக்கிறது. உலு லங்காட் காட்டில் 1956இல் எலிகளின் மேலிருந்த உண்ணியில் கண்டெடுத்து, லங்காட் வைரஸ் என்றே பெயரிட்டார்கள். அது இயல்பாக மனிதருக்கு நோய் தந்ததாக அறியப்படவில்லை. அதன் உறவுக்கார வைரஸ் ஒன்று கர்நாடகத்தின் கியாசனூர் காட்டில் 1957இல் கண்டுபிடிக்கப்பட்டது, அது கொல்லும். அங்கே காட்டில் குரங்கு செத்துக் கிடந்தால் உடனே தகவல் சொல்ல வேண்டும் என்பதே கண்காணிப்பின் முதல் படி. மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் யாத்திரை போய் வந்து காய்ச்சல் கண்டால், அந்தப் பயணத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஜேஇ என்று நினைத்தது நிபாவாக இருந்தது

பெயர் தவறினால் என்ன ஆகும் என்பதை மலேசியா அளவுக்கு அனுபவித்த நாடுகள் குறைவு. 1998 செப்டம்பர் வாக்கில் ஈப்போ வட்டாரத்துப் பன்றிப் பண்ணைகளில் வேலை செய்தவர்களுக்கு மூளைக்காய்ச்சல் வரத் தொடங்கியது. பன்றியும் கொசுவும் சேர்ந்து பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல், அதாவது ஜேஇ, என்று முடிவு செய்தார்கள். சிலருடைய இரத்தத்தில் ஜேஇ எதிர்ப்பொருள் இருந்ததும் அதற்குத் தோதாக அமைந்தது. பண்ணைகளில் புகை மருந்து அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் நிற்கவில்லை. நெகிரி செம்பிலானுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஒத்துப்போகாத விஷயங்கள் கண்ணெதிரே இருந்தன. ஜேஇ அதிகம் தாக்குவது பிள்ளைகளை. இங்கே விழுந்தவர்கள் பன்றியைத் தொட்டு வேலை செய்த ஆண்கள். தடுப்பூசி போட்டவர்களும் விழுந்தார்கள். மனிதருக்கு முன்பே பன்றிகள் இருமிச் செத்துக்கொண்டிருந்தன. 1999 மார்ச்சில் மலாயா பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளியின் மாதிரியிலிருந்து புதிய வைரஸ் ஒன்றைப் பிரித்தெடுத்தார். கொசுவுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும், பன்றியிடமிருந்து மனிதருக்கும் வந்தது. அதுதான் நிபா. அடங்குவதற்குள் மலேசியாவில் 265 பேருக்கு நோய் கண்டு 105 பேர் இறந்தனர். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பன்றிகள் அழிக்கப்பட்டன. சிங்கப்பூரில் இறைச்சிக்கூடத் தொழிலாளர்கள் 11 பேருக்கு வந்து ஒருவர் இறந்தார்.

மைகார்டு முகவரியும் கொசு மருந்தும்

மருத்துவர் டிங்கி என்று சந்தேகித்தாலே 24 மணி நேரத்துக்குள் மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். தனியார் கிளினிக்குக்கும் இது பொருந்தும்; 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டம் இதைக் கடமையாக்கியிருக்கிறது. தகவல் கிடைத்ததும் அதிகாரிகள் அந்த முகவரிக்கு வந்து, சுற்றுவட்டாரத்தில் கொசுப்புழு தேடி, மருந்தடிப்பார்கள்.

எந்த முகவரிக்கு? கவுண்டரில் மைகார்டை நீட்டுகிறோம். அதில் உள்ள முகவரி பதிவாகிறது. தோட்டத்தை விட்டு வந்து பத்து வருடமாகத் தாமானில் வாடகைக்கு இருப்பவரின் கார்டில் பழைய தோட்டத்து லயம்தான் இருக்கும். சில நேரம் அந்தத் தோட்டமே இருக்காது. நோயாளி படுத்திருக்கும் அடுக்குமாடி வீட்டில், அவரைக் கடித்த கொசு அடுத்தவரைக் கடித்துக்கொண்டிருக்கும். கார்டு கொடுக்கும்போதே இப்போது குடியிருக்கும் முகவரியையும் சொல்லுங்கள். ஏடிஸ் பகலில் கடிப்பது. வேலையிடம், பிள்ளையின் பள்ளி, பாலர்பள்ளி, வார இறுதியில் போன உறவினர் வீடு எல்லாம் கணக்கில் வரும். காய்ச்சல் இருக்கும் நாள்களில் நோயாளியைப் பகலிலும் கொசுவலைக்குள் வைப்பது வீட்டில் மற்றவர்களுக்குப் பாதுகாப்பு.

ஒரே வட்டாரத்தில் 14 நாளுக்குள் இரண்டு பேருக்கு வந்தால் அது நோய்ப்பரவல். 30 நாளுக்கு மேல் அடங்காவிட்டால் அதை ஹாட்ஸ்பாட் என்கிறார்கள். ஐடிங்கி இணையத்தளத்தில் எந்தத் தாமான், எந்தப் பிளாட் என்று பார்க்கலாம். சிங்கப்பூரில் பத்துப் பேரை எட்டினால் சிவப்புப் பதாகை தொங்கும். அங்கே கொசு எண்ணிக்கையை அறிய வீடமைப்புக் கட்டடங்களில் பல்லாயிரக்கணக்கான கொசுப்பொறிகள் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் தண்ணீர் ஊற்றிய கறுப்புக் குவளையில் ஒரு சிறு பலகைத் துண்டு வைத்து, அதில் எத்தனை முட்டை என்று எண்ணுவது பழைய முறை. வீட்டு வராந்தாவில் அப்படி ஒன்று இருந்தால் குப்பை என்று வீசிவிடாதீர்கள்.

புகை மருந்து பறக்கும் கொசுவை மட்டுமே கொல்லும். தண்ணீரில் உள்ள புழு ஒரு வாரத்தில் அடுத்த கொசுவாகிவிடும். புழு கண்டால் 500 வெள்ளி அபராதம் என்பதற்குப் பயந்து கேட்டைத் திறக்காத வீடுகள் உண்டு. மூடிய வீட்டின் கூரைப் பீலியிலிருந்துதான் தெருவே கடிபடுகிறது. அண்மைய ஆண்டுகளில் வோல்பாக்கியா என்ற நுண்ணுயிர் ஏற்றிய கொசுக்களையும் பறக்கவிடுகிறார்கள். அவற்றின் உடலில் டிங்கி வைரஸ் எளிதில் வளராது. சிலாங்கூரில் சோதித்த இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது. வேன் வந்து கொசு விடுகிறது என்று மருந்தடித்துக் கொன்றுவிட்டால் அந்த முயற்சி வீணாகும்.

அதிகாரிகள் ஒரு வட்டாரத்தைப் பட்டியலிலிருந்து எடுப்பதும் நாளை எண்ணித்தான். கடைசி நோயாளிக்குக் காய்ச்சல் தொடங்கிய தேதியிலிருந்து 14 நாள்கள் புதிய நோயாளி இல்லாமல் கழிய வேண்டும். அந்தத் தேதியும் யாரோ ஒருவர் மருத்துவரிடம் சொன்ன தேதிதான்.